பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு ஊர் மாறும்போது எந்தப் புறநகரில் வீடு பார்ப்பது?

வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, சேர வேண்டிய தேதியும் வந்துவிட்டது, வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புது ஊரில் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்று உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே தலை சுற்றிவிடும், ஏனென்றால் விசாரிக்கும் ஒவ்வொருவரும் தான் இருக்கும் பகுதியைத்தான் நல்லது என்று சொல்வார்கள். நானும் என் மனைவியும் இரண்டு முறை இப்படி மாறியிருக்கிறோம். முதல் தடவை மகள் இரண்டாம் வகுப்பு, மகன் இன்னும் பள்ளியிலேயே சேரவில்லை. அடுத்த தடவை மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், மகன் நான்காம் வகுப்பு. முதல் தடவை வீட்டைப் பார்த்துப் பகுதியை முடிவு செய்தோம். இரண்டாம் தடவை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை பிள்ளைகளுக்கு எப்படிப் போகும் என்று தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்தோம். இரண்டாவது வழிதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன், கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமையை வைத்துத்தான்.

எந்த ஊராக இருந்தாலும் வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் கையில் நிற்பது பெரும்பாலும் மூன்று வகைதான். ஒன்று, பெயர் பெற்ற பள்ளி இருக்கும் பகுதி. வாடகை அதிகம், அதே பணத்துக்குச் சின்ன வீடுதான் கிடைக்கும். இரண்டாவது, ஊரின் விளிம்பில் புதிதாக எழும் புறநகர். பெரிய வீடு, புதுச் சாலை, பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை, ஆனால் ஆபீஸும் நல்ல பள்ளியும் தூரம். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் பல காலமாக இருக்கும் பழைய குடியிருப்பு. பள்ளி நடுத்தரம், வீடு பழையது, ஆனால் பஸ்ஸோ ரயிலோ பக்கத்தில், நூலகமும் மைதானமும் நடக்கிற தூரத்தில். உங்கள் பட்டியலில் பத்துப் பகுதி இருந்தாலும் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் பக்கம் சாய்ந்திருக்கும்.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு என்ன வயது? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பகுதி நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு ஆதாரமாக இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் அரசு ஒரு திட்டம் நடத்தியது. மிக வறிய பகுதிகளில் வாழ்ந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பல வருடம் கழித்து ராஜ் செட்டி, நேதனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தைத் தேடிப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்கள், இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்த நன்மை இல்லை, கொஞ்சம் பாதகம்கூட இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. நல்ல பகுதி என்பது ஒரே நாளில் வேலை செய்யும் மருந்து இல்லை, அங்கே எத்தனை வருடம் வளர்கிறார்கள் என்பதுதான் கணக்கு, இடையில் பழைய நட்பெல்லாம் அறுபடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்றுதான் அவர்கள் இதை விளக்கினார்கள். ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கடும் வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. ஓரளவு வசதியான ஒரு பகுதியிலிருந்து இன்னொரு வசதியான பகுதிக்குப் போகிறவர்கள் அந்த 31 சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது. அவர்களுக்கும் பொருந்துவது வயதைப் பற்றிய அந்தப் பாடம்தான்.

இரண்டாவது டென்மார்க்கில் நடந்தது, 2016-இல் வெளியானது. அங்கே 1971 முதல் 1997 வரை பிறந்த, பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, 15 வயதுக்குள் ஊர் மாறியவர்களுக்குப் பின்னால் மன நலம், போதை, வன்முறை போன்றவற்றில் சிக்கல் வந்ததா என்று பார்த்தார்கள். மாறியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது, அதிலும் 12 முதல் 14 வயதுக்குள், ஒரே வருடத்தில் பல முறை மாறியவர்களுக்கு மிகவும் கூடுதல். குடும்ப வருமானம் நன்றாக இருந்தவர்களிடமும் இது தெரிந்தது. ஊர் மாறியதுதான் காரணம் என்று இப்படிப்பட்ட ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, மாற வைத்த குடும்பப் பிரச்சினையே காரணமாக இருக்கலாம். ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் பெற்றோர் இதை அசட்டை செய்யக் கூடாது என்பது என் எண்ணம். பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே தாண்டி வருகிறார்கள். ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு "ஒரே தடவைதான் மாறுகிறோம், அப்புறம் பள்ளி முடியும்வரை இங்கேதான்" என்று வாக்குக் கொடுக்க முடிகிற பகுதியைத்தான் தேட வேண்டும்.

சரி, முதல் வகை. பெயர் பெற்ற பள்ளிக்குப் பக்கத்தில்.

இந்தப் பகுதிகளில் வாடகை ஏன் அவ்வளவு ஏறுகிறது என்பதற்கு ஒரு அழகான ஆய்வு உண்டு. சாண்ட்ரா பிளாக் என்பவர் 1999-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேரலாம் என்று பிரிக்கும் பள்ளி எல்லைக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வீடுகளை மட்டும் ஒப்பிட்டார். தெரு ஒன்று, கடை ஒன்று, மரங்கூட ஒன்று, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலான பள்ளிக்காகப் பெற்றோர்கள் வீட்டு விலையில் சுமார் இரண்டரை சதவீதம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதாவது நீங்கள் தருகிற கூடுதல் வாடகையில் ஒரு பங்கு நேராக அந்த மதிப்பெண் பட்டியலுக்குப் போகிறது. அப்படியானால் அந்தப் பட்டியல் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டுதானே பணம் கொடுக்க வேண்டும்?

பள்ளியின் சராசரி மதிப்பெண்ணில் பெரும்பகுதி, அங்கே எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். படித்த, வசதியான பெற்றோர்கள் குவிந்திருக்கும் பகுதியில் பள்ளி சுமாராக நடந்தாலும் ரிசல்ட் உயரமாகவே நிற்கும். உள்ளே வந்த பிள்ளை எவ்வளவு முன்னேறி வெளியே போகிறது என்பதை அளப்பதுதான் நியாயமான கணக்கு, இங்கிலாந்தில் 2016 முதல் மேல்நிலைப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு முன்னேற்ற மதிப்பீட்டையே தனியாக வெளியிட ஆரம்பித்தார்கள். உங்கள் புது ஊரில் அப்படிப்பட்ட கணக்கு கிடைத்தால் அதைப் பாருங்கள், ரேங்க் பட்டியலை அதற்குப் பிறகு பாருங்கள். கிடைக்காவிட்டால் பள்ளியிடம் நேராகக் கேளுங்கள்: பின்தங்கி வரும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள், கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள், நடு வருடத்தில் சேர்ந்த பிள்ளையை யார் கவனித்துக்கொள்கிறார்கள். இந்த மூன்று கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்லும் நடுத்தரப் பள்ளியை, பதில் சொல்லவே நேரமில்லாத முதல் ரேங்க் பள்ளியைவிட நான் அதிகம் நம்புவேன்.

இந்த வகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது, எங்களை முதல் தடவை நன்றாகவே சிக்க வைத்தது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் பள்ளியில் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். வீட்டைக் காட்டியவரும் அப்படித்தான் சொன்னார். போய்க் கேட்டால், பள்ளியின் எல்லைக் கோடு எங்கள் தெருவுக்கு முந்தைய தெருவோடு முடிந்திருந்தது, எல்லைக்குள் இருந்தவர்களுக்கே அந்த வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வீட்டின் முழு முகவரியை எழுதி, இந்த முகவரியில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வகுப்பில் இப்போது இடம் உண்டா என்று பள்ளியிடமோ கல்வி அலுவலகத்திடமோ எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள். எல்லைக் கோடு வருடத்துக்கு வருடம் மாறுகிற ஊர்களும் உண்டு. தூரத்தைப் பார்க்கிற இடங்களில் நேர்க்கோட்டில் அளக்கிறார்களா, நடக்கும் வழியாக அளக்கிறார்களா என்பதும் முக்கியம். மூத்ததுக்கு இடம் கிடைத்தால் இளையதுக்கும் தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், அதையும் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் இரண்டு பள்ளிக்குப் போனால் காலை நேரம் இரண்டு மடங்கு கடினமாகிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை நான் ஒன்றுதான் சொல்வேன். வாடகை போக மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத அளவுக்கு இழுத்துப் பிடித்து அந்தப் பகுதியில் இருந்தால், அந்த இறுக்கம் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடும். வகுப்புத் தோழர்கள் எல்லோரும் போகும் சுற்றுலாவுக்கும் பிறந்தநாளுக்கும் அனுப்ப முடியாமல் ஒவ்வொரு மாதமும் ஏதாவது காரணம் சொல்ல வேண்டி வரும். பிள்ளைகளுக்கு அது புரிந்துவிடும், நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வகை, ஊரின் விளிம்பில் இருக்கும் புதுப் புறநகர். வீட்டைப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். காற்று, வெளிச்சம், அகலமான தெரு, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். ஆனால் செவ்வாய்க்கிழமையை எழுதிப் பாருங்கள்.

பள்ளிக்கு ஒரு வழிக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 100 நிமிடம். வருடத்துக்கு 200 பள்ளி நாட்கள் என்றால் 20,000 நிமிடம், அதாவது 333 மணி நேரம். இரவு பகலாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 14 நாட்களைப் பிள்ளை வண்டியிலேயே கழிக்கிறது. அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? படிப்பு நேரத்தைக் குறைக்க நாம் விட மாட்டோம், பள்ளியும் நேரத்தை மாற்றாது, எனவே விளையாட்டிலிருந்தும் தூக்கத்திலிருந்தும்தான் வெட்ட வேண்டும். 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை உள்ளவர்கள் 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே தாமதமாக ஓட ஆரம்பிக்கும், சீக்கிரம் படு என்று சொன்னாலும் தூக்கம் வராது. இதைக் கருதித்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் காலை எட்டரை மணிக்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் கேட்டுக்கொண்டது. பள்ளி எட்டு மணிக்குத் தொடங்கி, வண்டி ஆறே முக்காலுக்கு வந்தால், அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும் என்று பின்னோக்கி எழுதிப் பாருங்கள். பல குடும்பங்களில் இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடும்.

பெரியவர்களுடைய பயணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். புரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற இருவர் ஜெர்மனியில் வேலைக்குப் போய்வரும் நேரத்தையும் மக்களின் மன நிறைவையும் வைத்துப் பார்த்தார்கள். நீண்ட பயணம் செய்கிறவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ சம்பளமோ கிடைத்து மனநிறைவு சமமாகிவிடும் என்றுதான் பொருளாதாரம் சொல்லும், ஆனால் அப்படி ஆகவில்லை, பயண நேரம் கூடக் கூட நிறைவு குறைந்துகொண்டேதான் போனது. பெரிய வீட்டுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடுகிறோம், தினசரி டிராஃபிக்குக்கு யாரும் பழகுவதில்லை. ஏழு மணிக்கு மேல் களைத்து வரும் பெற்றோருக்கு, பிள்ளை அன்று பள்ளியில் பேச ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கேட்கும் தெம்பு இருக்காது. புது ஊரில் முதல் ஆறு மாதம் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் புதுப் புறநகருக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அங்கே எல்லோரும் புதியவர்கள். பழைய பள்ளியில் எட்டாம் வகுப்பில் நுழையும் பிள்ளை, மழலை வகுப்பிலிருந்து ஒன்றாக வளர்ந்த கூட்டத்துக்குள் நுழைகிறது, யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டிருக்கும். புதுப் புறநகரின் பள்ளியில் பாதி வகுப்பு போன வருடம்தான் வந்திருக்கும், நட்பு இன்னும் இறுகியிருக்காது, இடம் இருக்கும். கூச்ச சுபாவமுள்ள பதின்ம வயதுப் பிள்ளைக்கு இது ரேங்க்கைவிடப் பெரிய விஷயம். எனவே பள்ளி பார்க்கப் போகும்போது "இந்த வகுப்பில் கடந்த வருடம் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்?" என்று மறக்காமல் கேளுங்கள். பூஜ்யம் என்றால் யோசிக்க வேண்டும், ஏழெட்டுப் பேர் என்றால் நல்ல செய்தி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "இங்கே அடுத்த வருடம் பள்ளி வரப் போகிறது, ரயில் வரப் போகிறது" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கட்டிடம் தாமதமாகலாம், ஆனால் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்குப் போய்விடும். இன்று இருக்கும் பள்ளி, இன்று ஓடும் பஸ், அவ்வளவுதான் கணக்கில் வர வேண்டும். இருக்கும் பள்ளியில் எந்த வகுப்பு வரை இருக்கிறது என்றும் பாருங்கள், எட்டாவதோடு முடிந்தால் இரண்டு வருடத்தில் மறுபடி மாற வேண்டும்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். நடுத்தரப் பள்ளி, பழைய வீடு, எல்லாம் நடக்கும் தூரத்தில். விளம்பரம் செய்ய இதில் எதுவும் இல்லை, அதனாலேயே பட்டியலில் முதலில் அடிபடுவதும் இதுதான். என் பார்வையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது முதலில் வர வேண்டியது.

காரணம், பிள்ளை தனியாகப் போய்வர முடிவது. மேயர் ஹில்மனும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதமாகிவிட்டது. முக்கியமான காரணமாகப் பெற்றோர்கள் சொன்னது சாலை வண்டிகளை. நடந்து போகும் பிள்ளை புது ஊரைத் தானே கற்றுக்கொள்கிறது, எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்தக் குறுக்குச் சந்தில் போனால் சீக்கிரம் போகலாம், வகுப்பில் யார் வீடு எங்கே என்பதெல்லாம் கால் வழியாகத்தான் தெரிகிறது. நட்பும் அந்த வழியில்தான் உண்டாகிறது. வண்டியில் போய் வண்டியில் வரும் பிள்ளைக்கு நண்பன் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு வீட்டுப் பெற்றோரும் பேசி நேரம் ஒதுக்க வேண்டும்.

தெருவின் குணமும் இதில் சேரும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1960-களின் கடைசியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள், வண்டி நிறைந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். ஊருக்குப் புதிதாக வரும் குடும்பத்துக்கு அந்த இரண்டு நண்பர்களின் வித்தியாசம் ரொம்பப் பெரியது. எனவே "நல்ல பகுதி" என்று முழுப் புறநகரையும் ஒரே பெயரில் சொல்வதைவிட, தெருவைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நடக்கும் இடங்களில் வண்டிகளின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சாலைப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டாக்ஹோம் அறிக்கை வலியுறுத்துகிறது. பள்ளி வாசலுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால், அங்கே வண்டிகள் எந்த வேகத்தில் போகின்றன என்பது கண்ணாலேயே தெரியும்.

பழைய பகுதிக்கே உரிய குறை சத்தமும் புகையும். ரயில் பக்கத்தில் என்பது வசதிதான், ஆனால் வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில் என்றால் அது வேறு கதை. நியூயார்க்கில் ஒரு பள்ளியின் ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி உயர்மட்டப் பாதையில் நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. ஆர்லின் பிரான்ஸாஃப்ட் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் வைத்து, வகுப்பறைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை அடித்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மியூனிக்கில் 1992-இல் விமான நிலையம் இடம் மாறியபோதும் இதேதான், புது நிலையத்தின் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் குறைய, பழைய இடத்தின் பிள்ளைகளுக்குத் தேறியது. எந்த ரேங்க் பட்டியலிலும் இது வராது. பள்ளி நாளில் வகுப்பறைக்குள் போய் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றாலே தெரிந்துவிடும், ஆசிரியர் எத்தனை தடவை பேச்சை நிறுத்தி நிறுத்தித் தொடர வேண்டியிருக்கிறது என்று.

எந்த வகையானாலும் நேரில் பார்க்கும்போது வேலை நாளில் பாருங்கள். காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கு, பிள்ளையின் வேகத்தில், பையோடு நடந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தில் 12 நிமிடம் காட்டும், நடுவில் ஒரு ஆறுவழிச் சாலை இருக்கும். பகல் பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு நேரமாகும் என்றும் பாருங்கள், "பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துக்கொண்டு போங்கள்" என்ற அழைப்பு அந்த நேரத்தில்தான் வரும், புது ஊரில் ஓடி வர உறவினர் யாரும் இருக்க மாட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் எந்த வயதுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று பாருங்கள், எல்லோரும் நாலு வயதாக இருந்தால் உங்கள் பன்னிரண்டு வயதுக்கு அங்கே துணை இல்லை. முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய்வாருங்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் போன்றவற்றுக்கெல்லாம் நான் மதிப்பெண் போட மாட்டேன், முதல் வருடத்துக்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"முதலில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு, அப்புறம் நிதானமாக வாங்கலாம்" என்ற நாலாவது வழியும் உண்டு. பெரியவர்களுக்கு இது நல்ல யோசனை. பிள்ளைகளுக்கு, ஒரு நிபந்தனையோடு மட்டும்: வாடகை வீடும் பிறகு வாங்கும் வீடும் ஒரே பள்ளிக்கு அடங்க வேண்டும். வீடு மாறுவதை அவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள், இரண்டு வருடத்தில் இரண்டு பள்ளி மாறுவதைத் தாங்குவது கடினம். அதனால் வாடகைக்குப் பார்க்கும்போதே, இங்கேயே வாங்க நம்மால் முடியுமா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் முன்னால் போய், மற்றவர் பிள்ளைகளோடு வருடக் கடைசி வரை பழைய ஊரிலேயே இருப்பது இன்னொரு வழி. மூன்று நாலு மாதம் என்றால், அதுவும் மூத்த பிள்ளை பொதுத்தேர்வு வகுப்பில் இருந்தால், கண்டிப்பாகச் செய்யலாம். ஒரு வருடத்துக்கு மேல் நீண்டால் அந்தப் பிரிவே பெரிய பாரமாகிவிடும்.

சரி, எல்லாவற்றையும் வைத்து நான் யாருக்கு எதைச் சொல்வேன்? மூத்த பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் என்றால் மூன்றாவது வகையைத் தேடுங்கள், கடைசி வகுப்பு வரை அதே பகுதியில் படிக்க வழி இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு. இவ்வளவு சின்ன வயதில் வந்தால் அந்த இடமே அவர்களுடைய ஊராகிவிடும், நடுத்தரப் பள்ளியில் குறைவதை வீட்டில் மிச்சமாகும் நேரம் ஈடுகட்டிவிடும். பதினொன்று முதல் பதினான்கு வரை என்றால் பள்ளிதான் முதலில், ரேங்க்குக்காக இல்லை, புதிதாக வருகிறவர்களை அந்தப் பள்ளி எப்படிச் சேர்த்துக்கொள்கிறது என்பதற்காக. அப்படிப்பட்ட பள்ளி எந்த வகைப் பகுதியில் கிடைத்தாலும், அதற்கு அரை மணி நேரத்துக்குள் வீடு எடுங்கள், வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பதினைந்துக்கு மேல் என்றால் பாடத்திட்டமும் பாடப் பிரிவும் மாறாமல் தொடர முடிகிற இடம் எதுவோ அதுதான், மற்றதெல்லாம் அப்புறம். புதுப் புறநகர் சரிவரும் குடும்பங்களும் இருக்கின்றன: பள்ளி அந்தப் புறநகருக்குள்ளேயே இன்று நடந்துகொண்டிருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவராவது வீட்டிலிருந்தோ பக்கத்திலோ வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தயங்காமல் போகலாம்.

முடிவெடுக்கும்போது பிள்ளைகளிடம் எவ்வளவு கேட்பது என்பதில் எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. சின்னவனிடம் எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்பது அவன் மேல் சுமையை ஏற்றுவது, அவனுக்கு எந்த அறை, எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று விட்டாலே போதும். ஆனால் எட்டாம் வகுப்பு மகளிடம் நாங்கள் கடைசி இரண்டு பகுதிகளையும் காட்டி, இரண்டு பள்ளிக்கும் அழைத்துப் போய், உண்மையாகவே கேட்டோம். அவள் பள்ளியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஒரு பகுதியில் நூலகத்துக்குத் தானே போய்வரலாம், இன்னொன்றில் ஒவ்வொரு தடவையும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும், அதனால் முதலாவது என்றாள். அதைத்தான் எடுத்தோம். இரண்டே படுக்கையறை, மகனுக்குக் கூடத்தில் ஒரு திரை கட்டிக் கொடுத்தோம். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போய் இறங்கி, தினமும் மாலை அந்தப் பள்ளி வழியில் நாலு பேரும் நடந்தோம். பதினோராவது நாளோ என்னவோ, எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி மகளிடம் நீ எந்த வகுப்பு என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு. பள்ளி திறந்த அன்று காலை எங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் நடந்து போனார்கள்.